'பார்க்கலாம்' என்று சொல்லக் கூடாத நாடு

போன வாரம் எங்கள் மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. ஆவடி மார்க்கெட் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததுமே வார்னிஷ் வாசனை. புதிதாகச் சுற்றிய செம்புக் கம்பிக் காயிலை வார்னிஷ் தொட்டியில் முக்கி எடுத்து வடியவிட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது தலைவலி நாற்றம். எனக்கு நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பார்க்கலாம்மா என்றார். நீ இருந்திருந்தால் அந்த மனுஷனை ஒரு வழி பண்ணியிருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் கம்பெனியில் நாம் காயில் சுற்றியது எண்பதுகளின் கடைசியில். நான் நெமிலிச்சேரியில் ரயிலேறி வருவேன். நீ அயனம்பாக்கத்தைத் தாண்டி ஏரிக்கரையிலிருந்து நடந்தே வந்து, எனக்கு முன்னால் மெஷினில் உட்கார்ந்திருப்பாய். பொம்பளைகள் அத்தனை பேருக்கும் கம்பெனியில் ஒரே ஒரு கக்கூஸ். சாப்பாட்டு நேரத்தில் பாதி அந்த வரிசையிலேயே கரைந்துவிடும். நம் நாடு பிறந்தது அந்த வரிசையில்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்குப் பட்டா விஷயமாக அரை நாள் லீவு போட்டு தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு வந்திருந்தாய். உங்கள் வீடு புறம்போக்கில் இருந்தது. நீயும் உன் வீட்டுக்காரரும் மண் கொட்டி மேடாக்கி, கை வலிக்க வலிக்க ஒவ்வொரு சுவராக எழுப்பிய வீடு. பட்டா கிடைத்தால் அது உங்களுடையது. கிடைக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் ஆள் வந்து இடிக்கலாம். மனுக் கொடுத்த நாளிலிருந்து எந்த நாற்காலியில் கேட்டாலும் உனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். பார்க்கலாம்.

"எங்க நாட்ல இந்த வார்த்தைய சொன்னா தூக்கி உள்ள போட்ருவோம்" என்றாய், வரிசையில் நின்றபடியே.

"உங்க நாடு எங்கடி கீது?" என்றேன்.

"இதோ நின்னுக்கினு கீறமே, இதான்."

அப்புறம் தினமும் ஒரு சட்டம். வரிசையில் நிற்பவர்கள்தான் சட்டசபை. முறை வந்து கதவு திறந்தால் பதவிக்காலம் முடிந்தது, மறுபடி வேண்டுமென்றால் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆபீசில் மனுக் கொடுப்பவர் உட்கார வேண்டும், வாங்குபவர் நிற்க வேண்டும். மந்திரிக்கு வீடு ஊரிலேயே பள்ளமான இடத்தில்தான், மழைத் தண்ணீர் முதலில் அவர் அடுப்பில் ஏறட்டும். யார் தலைவி என்று ஒருத்தி கேட்டாள். தலைவி என்றால் நாற்காலி வேண்டும், நாற்காலி வந்தால் அறை வேண்டும், அறை வந்தால் வாசலில் பியூன் வந்துவிடுவான், அதனால் தலைவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எனக்கு உள்ளூர அந்தப் பதவி மேல் ஒரு கண் இருந்தது. உனக்குத் தெரிந்துதான் சொன்னாயோ என்னவோ.

ஆனால் முதல் சட்டம் அந்த வார்த்தையைப் பற்றியது. எதைக் கேட்டாலும் 'ஆகும்' அல்லது 'ஆகாது'. நடுவில் ஒன்றும் கிடையாது. வாய் தவறி 'பார்க்கலாம்' என்று சொன்னவள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டோம். வீட்டில் பிள்ளைகளிடம்கூட எனக்கு அந்த வார்த்தை வராமல் போயிற்று.

பழகியதுதான் வினையாகிவிட்டது. தொண்ணூறுகளில் ஏரிப் பக்கமெல்லாம் மனைக் கல் நட ஆரம்பித்தார்கள். உனக்குப் பயம் வந்துவிட்டது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாய். புதிதாக வந்திருந்த அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டு, "சரிம்மா, பார்க்கலாம்" என்றார். அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் பேசினார். உன் வாயிலிருந்து அது தானாக வந்தது, வரிசையில் நம் பெண்களிடம் சொல்கிற அதே குரலில்.

"அது செல்லாது சார். ஆகும்னு சொல்லுங்க, இல்ல ஆகாதுன்னு சொல்லுங்க."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. பேனாவைத் திறந்து மனுவில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு உன்னைப் பார்த்து, "ஆகாது. போதுமா?" என்றார்.

போதாமல் என்ன? அடுத்த மாதமே ஏரிக்கரையில் உங்கள் வீட்டு வரிசை முழுவதற்கும் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வெறும் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லின் மேல்தான் அத்தனை வீடும் அத்தனை வருஷமாக நின்றுகொண்டிருந்தது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. "தூங்கிக்கினு இருந்த ஃபைல எழுப்பி வுட்டுட்டியேம்மா" என்று பக்கத்து வீட்டு அம்மாள் உன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவளும் வீடு இழக்கப்போகிறவள்தானே, என்ன சொல்வது?

இடித்த அன்று புல்டோசர் வந்தபோது, நீ பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடுப்பு மேடையை ஈரத்துணியால் துடைத்தாய். இடிக்கப்போகிற வீட்டில் எதற்கடி துடைக்கிறாய் என்று கத்தினேன். துடைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாய்.

முத்தாபுதுப்பேட்டையில் தகரம் போட்ட ஒரு கொட்டகைக்குப் போனீர்கள். அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல் போன பிறகும் வேலைக்கு வந்தாய். வார்னிஷ் வாசனைக்கு வாந்தி எடுத்தாய். வரிசையில் நின்றாய், ஆனால் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது காலம் கடந்துவிட்டிருந்தது.

நான் வந்து பார்த்த கடைசித் தடவை, உன் வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அதே எடத்துல திரும்ப ஊடு கட்ட முடியுமாடி?"

அதற்கு முந்தின நாள்தான் நான் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். கல் தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, உள்ளே வேறு யாரோ அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாகக் கிடக்கிறவளிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது? பார்க்கலாம்டி, முதலில் உடம்பு தேறட்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆகாதுடி" என்றேன்.

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். ரொம்ப நாள் கழித்து உன் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உன்னிடம் கேட்க எனக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. என் வீட்டுக்கும் இன்னும் பட்டா வரவில்லை. வருஷா வருஷம் போய்க் கேட்கிறேன். பார்க்கலாம்மா என்கிறார்கள். சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டு வருகிறேன், என் வீடு நிற்கிறது. படுக்கப் போகும்போது சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நான் செய்வது சரியா, அன்றைக்கு நீ கேட்டது சரியா? நம் நாட்டில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாகியும் என்னால் சொல்ல முடியவில்லை.