நனைத்த கையால் விட்ட மீன்

வேலேந்திய பெருமானே, ஓடும் நீரிலும் ஓடாது நிற்கும் ஒளியே, இதை எழுதும் என்னைக் காத்தருள்க. உன் திருவடி நிழலில் இளைப்பாறும் என் நண்பனிடம் இச்சொற்களைச் சேர்த்தருள்க.

அன்பு மாறாத செல்வராசாவுக்கு,

நீர் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. ஓடைக்கரையில் வாட்டில் மரங்கள் மஞ்சளாய்ப் பூத்து உதிர்ந்துவிட்டன. நீர் அமரும் பாறைக்குப் பக்கத்து மரம் சென்ற மாதக் காற்றில் சாய்ந்து, இப்போது அதன் கிளைகள் தண்ணீருக்குள் கிடக்கின்றன. உமக்கு இதெல்லாம் தெரியுமோ? அங்கிருந்து பார்த்தால் நாம் கடல் கடந்து வந்து குடியேறிய டூங்கபி தெரிகிறதோ?

நான் மீன் மணமே ஆகாத சைவன். நீரோ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக ஓடையும் குளமுமாய் அலைந்தவர். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் உமது கார் என் வாசலில் வந்து நிற்கும். “வாரும் ஐசே, நீர் பாடும், நான் எறியிறன்” என்பீர். மடிப்புக் கதிரையில் நான் பதிகம் பாடிக்கொண்டிருக்க, முழங்கால் நீரில் நீர் நிற்பீர். புழுவைக் குத்தி எறியும் தூண்டில் அல்ல உம்முடையது. இறகாலும் மயிராலும் பூச்சிபோல் ஒன்றைக் கட்டி, நீண்ட நூலைத் தலைக்கு மேலே சுழற்றி, தண்ணீருக்கு நோகாமல் இறக்கும் ஈத்தூண்டில். அந்த நூல் வானில் வளைந்து விரியும்போது என் பாட்டு தானாக நின்றுவிடும்.

கோயிலில் காவடி ஆடி முடிந்தபின் முற்றத்தில் உதிர்ந்து கிடந்த மயிலிறகை நீர் மடியில் செருகியதைக் கண்டு நான் பதறிய நாள் நினைவிருக்கிறதா?

“முருகன்ரை மயிலிறகிலையோ தூண்டில் கட்டப்போறீர்? பாவமெல்லோ!”

“கொன்றால்தானே பாவம். நான் ஆரைக் கொல்லுறன்?”

“கொல்லாட்டி ஏன் பிடிக்கிறீர்?”

“நீர் கோயிலுக்குப் போனால் சாமியைத் தூக்கிக்கொண்டே வீட்டை வாறனீர்? கண்டிட்டுத்தானே வாறனீர். நானும் கண்டிட்டு வாறன்.”

தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை நீர் குறடால் நசுக்கித் தட்டையாக்குவதையும், அகப்பட்ட மீனைத் தொடுமுன் இரு கைகளையும் தண்ணீரில் தோய்ப்பதையும் அதன்பின்தான் கவனிக்கத் தொடங்கினேன். “காய்ஞ்ச கை அதுக்குச் சுடும் ஐசே” என்றீர். கண நேரம் அதை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, மூச்சு வரவிட்டு, விடுவீர். ஒன்றைக்கூட நீர் கரைக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆனால் உமது மனைவி மனோகரி தங்கச்சிக்கு இது தெரியாது. பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் சனம் சிரிக்கும் என்று உமக்கு வெட்கம். திரும்பும் வழியில் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள மீன்கடையில் காரை நிறுத்துவீர். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலேயே இருப்பேன். பையோடு வந்து ஏறி, “அவளுக்குச் சொல்லிப்போடாதையும்” என்பீர். நானும் வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்குத்தான் சென்ற வாரம் என்னைச் சோதித்தது.

உமது முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் குருக்கள் வந்து முறைப்படி நிறைவேறியது. மறுநாள் உமக்கு விருப்பமானவற்றை ஆக்கிப் படைக்க வேண்டும். அன்று காலையிலேயே தங்கச்சி என்னை அழைத்து, உமது தூண்டில் கோலைக் கையில் தந்தார்.

“அண்ணை, அவர் பிடிக்கிற இடத்து மீன் ஒண்டு இலையிலை வைக்க வேணும். கூடப் போனது நீங்கள் மட்டும்தானே. பிடிச்சுத் தருவியளோ?”

ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் உமக்குத் தந்த வாக்குப் போகும். மீனைக் கொன்றால் என் விரதம் போகும். வெறும் இலையை வைத்தால் உமது மனைவியின் மனம் நோகும். பெருமானே என்று ஓடைக்குப் போனேன்.

நீர் கட்டிய மயிலிறகுப் பூச்சியை நூலில் முடிந்து எறிந்தேன். முதலில் என் தொப்பியைப் பிடித்தேன். பிறகு சாய்ந்த மரத்தைப் பிடித்தேன். நீர் நின்றிருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பீர். எறிந்து எறிந்து தோள் சோர்ந்த வேளையில் நீர்ப்பரப்பு சட்டென்று உடைந்தது. கோல் வளைந்தது. என் நெஞ்சும் கூடவே வளைந்தது என்று சொன்னால் நம்புவீரா? கரையோரம் வந்து கிடந்தது, வெண்கல நிறத்தில் ஓர் ஆற்று மீன். அதன் செவுள் திறந்து மூடியது. இலையை நினைத்தேன். தங்கச்சியை நினைத்தேன். ஆனால் என் கைகள் என்னைக் கேளாமலே தண்ணீரில் தோய்ந்துவிட்டன. கை நனைந்தபின் வேறு எதுவும் செய்ய இயலாது என்பது அப்போதுதான் விளங்கியது. அது வாலை ஒருமுறை அடித்துப் போயிற்று.

பழம்புலவர்கள் இரங்கலுக்கு நெய்தல் என்னும் நீர்க்கரையை நிலமாக வகுத்து வைத்தார்கள். இளமையில் அதைப் பாடமாகக் கற்றேன். அன்று அங்கே நின்று அழுதபோதுதான் ஏன் என்று அறிந்தேன்.

திரும்பும் வழியில் நீர் வாங்கும் மீன்கடை வாசலில் நின்றேன். நீர் செய்ததையே நானும் செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. “அங்கிள், என்ன வேணும்?” என்று உள்ளிருந்து ஒருவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு குசினி வாசலில் நின்ற என்னைத் தங்கச்சி திரும்பிப் பார்த்தார். அடுப்பில் ஏற்கனவே மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“விளைமீன் அண்ணை. அவர் வாங்கிற கடையிலைதான் வாங்கினனான்.”

நான் திகைத்தேன். “வாங்கிறவரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“நான் பருத்தித்துறையிலை கடற்கரையிலை பிறந்தனான். கடல் மீனைக் கொண்டுவந்து ஓடையிலை பிடிச்சனெண்டால் நம்புவனோ? பாவம் மனுசன், ஒண்டும் பிடிபடுகுதில்லை, வெக்கத்திலை வாங்கிக்கொண்டு வாறாரெண்டு நான் கேக்காமல் விட்டனான். ஒரு நாளாவது அவருக்குப் பிடிபட்டதோ எண்டு அறியத்தான் உங்களை அனுப்பினனான். மீன் இருக்கிற தண்ணிதானோ அது?”

இத்தனை ஆண்டுகளும் உமக்காக அவர் இரங்கியிருக்கிறார், செல்வராசா. உமது வெட்கத்தைக் காக்கப் பேசாதிருந்திருக்கிறார். இனியும் நான் வாய் மூடி இருப்பது உமக்குச் செய்யும் நன்றியாகுமா? சொன்னேன். எதிர்க்கூர் நசுக்கிய முள்ளை, நனைத்த கைகளை, ஒவ்வொரு முறையும் விட்டதை, எல்லாம் சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப அவருக்குப் பிடிக்கத் தெரியும்?”

“நல்லாத் தெரியும் தங்கச்சி.”

“இதை எனக்குச் சொன்னால் நான் சிரிப்பனெண்டோ நினைச்சவர்?” என்று கேட்டவர் உண்மையாகவே சிரித்தார், சிரித்தபடியே சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார். பிறகு இலையில் குழம்பை வைத்து, அருகே ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார். மயிலிறகுப் பூச்சியை என்னிடம் வாங்கி விளக்கின் அடியில் வைத்தார்.

“வாற சனி என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. விடுறதை ஒருக்காப் பாக்க வேணும்.”

வாக்கை மீறியதற்கு என்னைப் பொறுத்தருளும். அதற்கு ஈடாக இன்னொரு வாக்குத் தருகிறேன். என் கை எறியும் காலம்வரை சனிக்கிழமைகளில் உமது மனைவிக்கு அந்தப் பாறையில் இடம் இருக்கும், எது அகப்பட்டாலும் கையை நனைத்தே தொடுவேன், கண்டுவிட்டு வருவேன்.

இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் இல்லங்களில் ஒருவர்க்கொருவர் மறைத்த அன்பெல்லாம் உயிரோடு இருக்கும்போதே வெளிப்படுவதாக. வேலவன் உங்களையும் உங்கள் சுற்றத்தையும் காப்பானாக.

உடன் பிறவாத உமது அண்ணன்,
சிவப்பிரகாசம்
டூங்கபி, புரட்டாதி 2012