ஒளித்து வைத்த கட்டில்

உருத்திரபுரம்,
மாசி 9.

அன்புள்ள மகள் லக்சிகாவுக்கு,

நானும் அம்மாவும் உன் மகளும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், குறைந்தது இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரைக்குமாவது. அதன் பிறகு கோபப்படலாம். அது உன் உரிமை.

போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன் உன் மகளின் கையில்தான் இருக்கிறது. உன்னோடு எப்போது கதைத்தாலும் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தேனுகா. அவள் இல்லாமல் சொல்ல வேண்டிய விசயம் ஒன்று உண்டு. ஞானேஸ்வரி லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிறாள், உன்னோடு ஒரே தையல் தொழிற்சாலைதானே, அவளிடம் கொடுத்துவிடுகிறேன். உள்ளே ஒரு படிவமும் இருக்கிறது. அதைப்பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அதை எடுத்து வாசித்துப் பயப்படாதே.

வயல் வெட்டியாயிற்று. மிசின் ஒரு காலையில் முடித்துவிட்டுப் போனது. மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்த வயல், தேநீர் ஆறுவதற்குள் வெறுந்தரை. இப்போது நெல் றோட்டில் காய்கிறது, பாதி எங்களுக்கு, பாதி மயில்களுக்கு. அம்மா றோட்டோரம் கதிரை போட்டுப் பொல்லோடு இருக்கிறார். மயில்கள் அவரைக் கண்டு பயப்படுவதில்லை. பஸ்காரர்கள் பயப்படுகிறார்கள். அங்கே குளிர் என்று போனில் பார்த்தோம், உன் மூக்கு சிவந்திருந்தது. இரண்டு சோடி காலுறை போடு. வெறும் தேநீரோடு வேலைக்கு ஓடாதே.

இனி விசயம். போன மாதம் எங்கள் கிராமத்து விதானையார் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார், சின்னராசா அண்ணை, திங்கட்கிழமை பைலோடை ஒரு மிஸ் வீடு பாக்க வருவா, நில்லுங்கோ என்று. அவ்வளவுதான். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பைலோடு ஒருவர் வீடு பார்க்க வருகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மீளக்குடியேறிய நாளிலிருந்து எத்தனை பைல் பார்த்துவிட்டோம். வீட்டுக்கு ஒரு பைல், கக்கூசுக்கு ஒரு பைல், கோழிக்குஞ்சுக்கு, மண்வெட்டிக்கு. எல்லாவற்றுக்கும் புள்ளி. வீட்டில் ஒரு பொருள் இல்லையென்றால் புள்ளி ஏறும், இருந்தால் இறங்கும். உனக்கு நினைவிருக்கும், ஆடு கொடுக்க வந்தவர்கள் விறாந்தையில் நின்ற அலுமாரியைப் பார்த்து எங்கள் பெயரை வெட்டினார்கள். ஆடு கமலாட்சி வீட்டுக்குப் போனது. அவள் தன் அலுமாரியை முதல்நாளே வைக்கோலுக்குள் தள்ளியிருந்தாள். ஆட்டின் சத்தம் வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கக் கேட்க நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி எந்தப் பைலுக்கும் என் வீட்டில் ஒரு சாமான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. கமலாட்சியின் மகன் சதீஸ் இழுவைப் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்தான். பிரிட்ஜ் ஏறியது. ரீவி ஏறியது. நீ அனுப்பி வாங்கிய தேனுகாவின் கட்டில், மெத்தை, நுளம்பு வலை, படிக்கும் மேசை. இரண்டு நடை. எல்லாம் கமலாட்சி வீட்டுக்குள். அம்மாவுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது, பல்ப்பையும் கழட்டட்டோ என்று கேட்டார். தேனுகாவைக் கிழிந்த சட்டை ஒன்று போடச் சொன்னேன். என்னட்டைக் கிழிஞ்சது ஒண்டும் இல்லை அம்மப்பா, அம்மாதான் புதுசு புதுசா அனுப்பிறாவே என்றாள். அதையும் கமலாட்சியிடம்தான் இரவல் வாங்கினோம். தரும்போது அவள், கிழிச்சுப்போடாமல் தாங்கோ அண்ணை என்றாள். மிஸ் சாப்பாடு கேட்டால் கஞ்சி என்று சொல் என்று பழக்கினேன். கஞ்சியோடை என்ன எண்டு கேட்டா? உப்பு என்று சொல். உப்போடை? அவள் உன்னைப் போலத்தான்.

மிஸ் வந்தார். ஜெயரூபினி என்று பெயர், முல்லைத்தீவுக் கரைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது இராது. ஹெல்மெட்டைக் கழற்றி வைக்க இடம் தேடினார். மேசை இல்லை. மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை எங்கை படுக்கிறது ஐயா என்றார். நிலத்திலைதான் மிஸ், பாய். எங்கை இருந்து படிக்கிறவ? அதுவும் நிலம்தான் மிஸ். தகப்பன் எங்கே என்று கேட்டார், அது ஒன்றை மட்டும் உள்ளபடி சொன்னேன், வேறை கலியாணம் முடிச்சு மன்னாரிலை மிஸ். அவர் எழுதினார். வேகமாக எழுதினார். எங்களைப்பற்றி ஒருவர் அவ்வளவு வேகமாக எழுதி நான் கண்டதில்லை. புள்ளி ஏறுகிறது என்று உள்ளே ஒரு குளிர்ச்சி. கேட்காததையும் சொல்லத் தொடங்கினேன். மழைக்கு ஒழுகும் மிஸ் என்றேன். அம்மா பின்னால் நின்று, பாம்பும் வாறது என்றார். மிஸ் பேனையை நிறுத்தினார். எத்தினை பாம்பு? அம்மா என்னைப் பார்த்தார். இரண்டு என்றேன். கடைசியாக, மகள் ஒண்டும் அனுப்பிறேல்லையோ ஐயா என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

அந்தப் பெருமூச்சைச் சொல்லத்தான் லக்சிகா, இந்தக் கடிதம். மற்றதெல்லாம் மடைத்தனம். அது மட்டும் பிழை. நீ கண் எரியத் தைத்து அனுப்பியதையெல்லாம் ஒரு மூச்சில் இல்லையென்று ஆக்கிவிட்டேன். இதைப் போனில், உன் முகத்தைப் பார்த்து, உன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மிஸ் பைலை மூடினார். அப்போதுதான் தான் வந்த காரணத்தைச் சொன்னார். ஆடும் இல்லை கோழியும் இல்லை. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் வளர்கிற வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற வேலை அவருடையது. குறை நினையாதேங்கோ ஐயா, இப்பிடி ஒரு வீட்டிலை பெண்பிள்ளையை விட ஏலாது, இரண்டு கிழமையிலை திரும்ப வருவன், அப்பவும் இப்பிடியெண்டால் சிறுவர் இல்லத்திலை சேர்க்கச் சொல்லித்தான் எழுத வேண்டி வரும் என்றார். அம்மா உடனே, பாம்பு இல்லை மிஸ் என்றார். மிஸ் எழும்பிவிட்டார். நான் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சந்தி வரைக்கும் ஓடினேன், எல்லாம் இருக்கு மிஸ், கமலாட்சி வீட்டிலை இருக்கு என்று கத்திக்கொண்டு. ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது.

அம்மா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பாம்பு உன்ர யோசனைதானே என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நாள் கதைக்கவில்லை. கட்டிலைத் திருப்பி எடுக்கப் போனேன், அதில் கமலாட்சி படுத்திருந்தாள். இடுப்புக்கு நல்ல சுகமாயிருக்கு அண்ணை என்றாள். பிரிட்ஜ் நிறைய நாயாற்று இறால், மேல்தட்டில் ஐஸ்பழம். விலையும் எழுதி ஒட்டியிருந்தாள். விசயத்தைச் சொன்னதும் எழும்பிக் குழறி அழுதாள். ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது, ஏனென்றால் அவள் அழுதால் வாய்க்கால் வரைக்கும் கேட்கும். தேனுகாவைக் கொண்டுபோகப் போகிறார்களாம் என்று ஒவ்வொரு வீட்டாலும் ஒரு சாமான் வந்து இறங்கியது. நான் வேண்டாம் என்றேன். சும்மா இருங்கோ மாமா, நீங்கள் யோசிச்சது போதும் என்றான் சதீஸ்.

மிஸ் இரண்டாம் தரம் வந்தபோது எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இரண்டு, ஃபான் ஐந்து, கட்டில் மூன்று, ஒரு தையல் மிசின், ஒரு ஆர்மோனியப் பெட்டி. சுவர் நிறையச் சான்றிதழ், அதில் ஒன்று சதீஸ் மரதன் ஓடியதற்கு. மிஸ் வாசலிலேயே நின்றார். உள்ளே வர இடமும் இல்லை. ஐயா, இது ஆரின்ரை வீடு என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். இந்தக் கட்டில் எங்களுடையது, அந்தக் கட்டில் இல்லை. போன தரம் சொன்னது பொய், இந்தத் தரம் பார்ப்பதில் பாதி பொய், நான் இப்போது சொல்வது உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் நம்பிக்கை குறைந்தது. மிஸ் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் எழுதியபோது இருந்ததைவிட அது பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அழகம்மா படலையைத் திறந்துகொண்டு வந்து, முடிஞ்சுதோ மிஸ், உலை வைக்க வேணும், என்ர றைஸ் குக்கர் என்றாள்.

பள்ளிக்கூடத்தால் தேனுகா வந்தாள். மிஸ் அவளை மட்டும் தென்னைமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலம். குசினி யன்னலுக்குள் நானும் அம்மாவும் இரண்டு தலை. ஒன்றும் கேட்கவில்லை. தேனுகா கையை விரித்து விரித்துக் கதைத்தாள். ஒருதரம் எங்கள் பக்கம் சுட்டினாள். ஒருதரம் பாம்பு போலக் கையை வளைத்தாள். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்போ வேறு எதுவோ தெரியாது. பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். தேனுகா மூன்று கட்டிலில் சரியானதில் ஏறிப் படுத்து, தலைமாட்டுப் பலகையைக் காட்டினாள். தன் பெயரை ஆணியால் பெரிதாகக் கீறி வைத்திருக்கிறாள். புதுக் கட்டிலில். மற்ற நாளென்றால் அடி விழுந்திருக்கும். அன்று நான் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் முடிவு சொல்லாமல் போனார். பத்து நாள். சாமான்கள் ஒவ்வொன்றாகச் சொந்த வீடுகளுக்குப் போயின. தேனுகா பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஆனாலும் வெறுமையாக இருந்தது. இதற்கு என்ன புள்ளி போடுவார்கள் என்று யோசித்தேன்.

நேற்று மிஸ் தானே வந்தார். பிள்ளை எங்களோடுதான் இருப்பாள். அம்மா மிஸ்ஸைக் கட்டிப்பிடித்ததில் ஹெல்மெட் உருண்டு போனது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்க்க வருவாராம், சொல்லாமல் வருவாராம். மகள் எல்லாம் அனுப்புகிறாள் என்று எழுதுங்கோ, அந்தப் பெருமூச்சை வெட்டிவிடுங்கோ என்று கேட்டேன். மூச்சை நான் எழுதேல்லை ஐயா என்றார். ஆனாலும் நீ மன்னிக்க வேண்டும். பிறகு பைலைத் திறந்து ஒரு பக்கத்தை வாசித்தார். இல்லத்துக்குப் போக விருப்பமோ என்று கேட்டதற்கு உன் மகள் சொன்ன பதில், அவள் சொன்னபடியே எழுதியிருந்தது. எனக்குப் போகலாம் மிஸ், ஆனா இவையளை ஆர் பாக்கிறது? அம்மப்பாவுக்குச் சீனி வருத்தம், குளிசை நான்தான் குடுக்கிறது, நான் இல்லாத நேரம் களவாய் வாழைப்பழம் சாப்பிடுறவர். அம்மம்மா கோவம் வந்தால் கதைக்கமாட்டா, அவர் சொல்லிறதை அவவுக்கும் அவ சொல்லிறதை அவருக்கும் நான்தான் சொல்லவேணும். பொய் சொல்லவும் ரெண்டு பேருக்கும் சரியா வராது. பழகட்டும், அதுவரைக்கும் நான் நிக்கிறன். வாசித்து முடித்து மிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தேன்.

உள்ளே இருப்பது, பிள்ளை எங்கள் பராமரிப்பில் இருக்கத் தாய் சம்மதிக்கிற படிவம். அதில் புள்ளடி போட்ட இரண்டு இடத்திலும் நீ கையெழுத்து வைக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பினால் சரிவராதாம், தாள்தான் வேண்டும். பங்குனி பதினைந்துக்கு முன் கிடைக்கும்படி பதிவுத்தபாலில் போடு. இந்தக் கடிதத்தைப்பற்றிப் போனில் கேட்காதே, பக்கத்தில் ஆள் இருக்கும். திட்டுவதென்றால் நீயும் கடிதத்தில் திட்டு. நீ தைக்கிற சட்டைகளெல்லாம் நல்ல மனிதர்களின் உடம்பில் ஏறட்டும், உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் சிவன் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
உன் மகளின் பராமரிப்பில் நலமாக இருக்கும்
அப்பா,
சின்னராசா.