திருத்தி எழுதிய மூச்சு

என் செல்லத் தங்கை வசந்தாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம். அரியலூரில் உன் வீட்டில் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைக்கிறார்கள். உன் மகள் யாழினியால் வர முடியாது. கூட்டம் ஆகாது, பூ ஆகாது, ஊதுவத்திப் புகை ஆகாது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது அதைவிடப் பெரியது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து நீ பெற்ற ஒரே பிள்ளை. பத்து வயதில் அவளுடைய நுரையீரல் இரண்டும் தழும்பேறி இறுகிவிட்டன என்றார்கள். இரண்டு வருடம் காத்திருந்தபின் சென்னையில், பெயர் தெரியாத ஒரு குழந்தையின் நுரையீரலை அவளுக்கு வைத்தார்கள். அதன்பின் நான்கு மாதம், ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகை அறையில், அவள் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டு இருந்தாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோன அந்த நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் வசந்தா? என்னிடம்கூடவா?

உன் வீட்டு வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. அந்தத் தூசியில் அவள் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் செல்வராசுவுக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அதனால் பெரம்பலூருக்கு, என்னிடம் அழைத்து வந்தார். "அக்கா, நீங்க பாத்துக்கிட்டா எனக்கு யோசனையே இல்ல. உங்ககிட்ட ஒண்ணும் தப்பாது" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை.

புது நுரையீரல் வந்துவிட்டால் பிள்ளை ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தவள் நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்றினாள். மாதக்கணக்காகப் படுத்தே கிடந்ததிலும், விழுங்குகிற மாத்திரைகளிலும் தொடைச் சதையெல்லாம் கரைந்திருந்தது. மூச்சு இருந்தது, அதைச் சுமந்து நடக்கக் கால் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து எழுவதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வாரம் இரண்டு நாள் நித்யா என்ற பிசியோதெரபிப் பெண் வந்தாள். மற்ற நாட்களில் நான். முற்றத்துச் சிமெண்ட் தரையில் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டேன். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஆறு நிமிடம் அவள் நடக்க வேண்டும். நான் கடிகாரத்தோடு நிற்பேன்.

"என்ன யாழினி, பெரியம்மா வூட்ல மிலிட்டரி டிரெயினிங்கா?" என்று ஒருநாள் நித்யா கேட்டாள்.

"மிலிட்டரியில லீவு உண்டுக்கா."

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றேன் நான்.

"அது பழசு பெரியம்மா. மாத்தாம விட்டுட்டாங்க."

அன்று நான்கூடச் சிரித்துவிட்டேன். ஆறு மாதத்தில் கையை ஊன்றாமல் எழுந்தாள். மாடிப்படி பதினாறையும் நிற்காமல் ஏறினாள். ஜூனில் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். ஏழாம் வகுப்பு மாடியில்தான் இருக்கிறதாம், அதற்கும் இவள் தயார் என்று நான் தெருவெல்லாம் சொன்னேன்.

இனி எழுதப் போவதை நீ உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தினமும் காலையில் அவள் ஒரு கருவியில் ஊத வேண்டும். எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அது எண்ணில் காட்டும். மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எண் இறங்கினால் உடனே போன். நீ எழுதிய பழைய நோட்டைப் பார்த்தேன். அடித்தல், கிறுக்கல், ஓரத்தில் பால் பாக்கெட் நினைவூட்டல். எனக்குப் பொறுக்கவில்லை.

நான் படித்த கான்வென்ட்டில் ரஃப் நோட்டு வேறு, ஃபேர் நோட்டு வேறு. ரஃப் நோட்டை மதர் தொடக்கூட மாட்டார். திருத்தி, சரியானதை மட்டும் ஃபேர் நோட்டில் ஏற்றித்தான் காட்ட வேண்டும். யாழினிக்கும் அப்படியே இரண்டு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றில் பென்சிலால் அவள் எழுதுவாள். நல்லதை இன்னொன்றில் நான் பேனாவால் ஏற்றுவேன்.

மாசி மாதம் எண் இறங்கத் தொடங்கியது. ரோட்டில் மக்காச்சோளம் காயப்போடுகிறார்கள், அந்தத் தூசிதான் என்று ஜன்னல்களை அடைத்தேன். பிறகு, பிள்ளை சரியாக ஊதவில்லை என்று முடிவு கட்டினேன். மூன்று முறை என்பது ஏழானது, பத்தானது. தலை சுற்றும்வரை ஊத வைத்து, எப்போதாவது எட்டிய பெரிய எண்ணை மட்டும் ஃபேர் நோட்டில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினேன். அதுவும் எட்டாத நாளில் இடத்தைக் காலியாக விட்டு, சாயங்காலம் மறுபடி ஊதச் சொன்னேன். நான் பொய் எழுதவில்லை, வசந்தா. ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் பொய்.

"மூச்சுப் பிடிச்சு ஊதத் தெரியாதா? உங்கம்மா மாதிரியே அரைகுறை" என்று ஒருநாள் திட்டினேன். உன் பெயரைச் சொல்லி. அவள் மறுபடி கருவியை வாயில் வைத்துக்கொண்டாள்.

நித்யா விடுமுறையில் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தாள். ஒன்பதாவது படியில் யாழினி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"நோட்டு குடுங்கம்மா." நான் ஃபேர் நோட்டைக் கொடுத்தேன். "இதுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று அவள் குழம்பினாள். யாழினி உள்ளே போய் ரஃப் நோட்டை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் வேணும்னு மெதுவா ஊதல பெரியம்மா."

இந்த வயதுவரை என்னை இப்படி யாரும் நிறுத்தியதில்லை.

அன்றே காரில் சென்னை போனோம். அவள் உடம்பே புது நுரையீரலை எதிர்க்கத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், என்னைத் திட்டவில்லை. "எங்களுக்குக் குறைஞ்ச நம்பர்தாம்மா வேணும். அது தெரிஞ்சிருந்தா முன்னாடியே கூப்பிட்டிருப்போம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மூச்சில் பாதி திரும்பி வந்தது. மீதி வருமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். இப்போது பதினாறு படிக்கு இரண்டு இடத்தில் நிற்கிறாள். ஏற்றிய மருந்தில் முகம் வீங்கி, கால் மறுபடி மெலிந்துவிட்டது. மீண்டும் நாற்காலியில் கை ஊன்றி எழுகிறாள். ஜூனில் பள்ளிக்கூடம் இல்லை. "அடுத்த வருஷம் போலாம் பெரியம்மா" என்று எனக்கு அவள் ஆறுதல் சொல்கிறாள். அந்த அடுத்த வருடத்துக்கு யார் பொறுப்பு?

இப்போது ஒரே நோட்டுதான். அவளே ஊதி, அவளே பேனாவால் எழுதி, அவளே அனுப்புகிறாள். நான் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்டால் மட்டும் கடிகாரம் பிடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. உடம்பு எதிர்த்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "நீங்க பாத்ததாலதான்க்கா புள்ள பொழைச்சுச்சு" என்று கண் கலங்கினார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன். யாழினியும் வாயைத் திறக்கவில்லை. எனக்காக ஒரு குழந்தை உண்மையை விழுங்குகிறது, வசந்தா. மாத்திரைகளோடு அதையும்.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன், அச்சில் வரப்போகிறது. அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே சொல்வேன். உன் பெயரைச் சொல்லித் திட்டியதையும் சேர்த்து. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அவர் வேறு வீடு பார்த்து அவளை அழைத்துப் போனால், எட்டு மணி மாத்திரை எது, கொதித்து ஆறிய தண்ணீர் எதில் என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்புவேன். என்னிடமே விட்டுவைத்தால், அவள் எந்தப் படியில் நிற்கிறாளோ அந்தப் படியில் நானும் பேசாமல் நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னை ஒருமுறைகூட நன்றாகச் செய்தாய் என்று சொல்லாத,
உன் அக்கா லலிதா