நோயில்லாதவர்களின் கிருமி

பிப்ரவரி 3

மழை. எங்கள் ஊர் நிரண்டே சந்தைக்குப் பின்னால் வீடு வீடாக மலப் பரிசோதனை டப்பா கொடுத்தேன். நோயே இல்லாதவர்களின் வயிற்றில், மருந்துக்கு அடங்காத கிருமி எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'பீ டப்பா அக்கா'. மீன் விற்கிற அம்மா, "நேத்து கீரைதான் தின்னேன், ரொம்ப எதிர்பார்க்காதே" என்றாள். தெருவே சிரித்தது.

பிப்ரவரி 6

தங்கை தமாண்டாவுக்குப் பெண் குழந்தை.

பிப்ரவரி 9

குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு கொதிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் கிருமியாம். ஊசி போடுகிறார்கள்.

பிப்ரவரி 12

காய்ச்சல் இறங்கவே இல்லை. வழக்கமான ஊசி அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம். நான் வீடு வீடாகத் தேடுகிற அதே கிருமி! மாலையில்தான் மாற்று மருந்து வந்தது. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் அதே மருந்துதான் வேண்டியிருந்தது. அதுவரை அந்தக் குழந்தையின் உயிர் தாங்கவில்லை. அதன் தாய், பிள்ளையை முதுகில் கட்டும் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

பிப்ரவரி 14

மருந்து வேலை செய்கிறது. ஆனால் தமாண்டா பிள்ளையைத் தொட மாட்டேன் என்கிறாள். கிருமி தாயிடமிருந்தும் வந்திருக்கலாம், ஆஸ்பத்திரியிலும் ஒட்டியிருக்கலாம் என்றார் டாக்டர். இவள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சித் தருகிறாள், நான் ஊட்டுகிறேன்.

"நான்தானேக்கா குடுத்தேன்? என் உடம்புதானே?"

கிண்ணத்தை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டினேன்.

பிப்ரவரி 15

ஆய்வகத்தில் இருக்கும் பவனாலியிடம் என்னுடைய மலத்தையே டப்பாவில் சோதிக்கக் கொடுத்தேன்.

பிப்ரவரி 18

எனக்கும் இருக்கிறது.

நேராக வார்டுக்குப் போனேன். "என் வயித்துலயும் இருக்கு தமா. நம்ம பக்கம் எத்தனையோ வீட்டுல இருக்கு. யாரும் படுத்துக் கிடக்கல. நீ ஒரு தப்பும் பண்ணல."

என் கையையே பார்த்தாள். "அப்ப இந்தக் கையாலதான் ஊட்டினியா?"

"ஆமா. சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஊட்டினேன்."

எழுந்து குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை. முழங்கை வரை நனைந்து திரும்பி வந்து, பிள்ளைக்காகக் கையை நீட்டினாள்.

பிப்ரவரி 22

காய்ச்சல் இல்லை. சுவரில் சாய்ந்து தமாண்டா தூங்குகிறாள், மார்பில் பிள்ளை. ஊசிக்கு நேரமாயிற்று என்றார் நர்ஸ். மெல்லத் தூக்கப் போனேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "கை கழுவினியா?"