மரண அறிவித்தலோடை வந்த விளம்பரம்

ஐப்பசி 14, வியாழக்கிழமை

பெரிய பேரன் எஞ்சினியராகிட்டான். மூத்த பேத்தி பல் டொக்டருக்குப் படிக்கிறாள். கடைக்குட்டி ஆரணியின்ரை குரல் மகன்ரை சாப்பாட்டுக்கடை விளம்பரத்திலை நாள் முழுக்க இஞ்சத்தைத் தமிழ் ரேடியோவிலை போகுது. இதைத்தான் காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

இண்டைக்குப் பிக்கரிங்கிலை இருக்கிற சிநேகிதி புஷ்பத்தின்ரை புருசனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாப்பாடு வேறை கடையிலை எடுத்திருந்தாள். எனக்கு முகம் கறுத்துப்போச்சு. குசினிக்குள்ளை வைச்சு, "ஏன் புஷ்பம், எங்கடை கடை இருக்கேக்கை?" எண்டு கேட்டன்.

"கோவிக்காதேங்கோ அக்கா. என்ரை மனுசன்ரை மரண அறிவித்தலை ரேடியோவிலை அழுதுகொண்டு கேக்கிறன். பிள்ளையளின்ரை பேர் வாசிச்சு முடிஞ்ச கையோடை உங்கடை பேத்தி 'சுடச்சுடக் கொத்துரொட்டி, ஓடி வாங்கோ' எண்டு கத்துறாள். இனி உங்கடை கடைச் சாப்பாடு எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்காது."

பக்கத்திலை நிண்ட மனுசியும், "அந்தக் குரல் கேட்டால் நான் ரேடியோவையே நிப்பாட்டிப்போடுவன்" எண்டா.

வியாபாரம் விழுந்து, சமையலுக்கு நிண்ட ரெண்டு பேரையும் மகன் போன மாதம் நிப்பாட்டினவன். சனம் ஏன் வரேல்லை எண்டு விளங்காமல் விளம்பரத்தை இன்னும் கூட்டினவன்.

வீட்டை வந்து அவனுக்குச் சொல்ல வாயெடுத்தன். முடியேல்லை. மரண அறிவித்தல் நேரம்தான் எங்கடை சனம் முழுக்க ரேடியோவுக்குப் பக்கத்திலை இருக்கும், அந்த நேரத்தைப் பிடி எண்டு அவனுக்குச் சொன்னதே நான்தான்.

நாளைக்கு ஆரணி புது விளம்பரம் பேசப் போறாளாம். பக்கத்து அறையிலை நிண்டு இன்னும் உரத்துக் கத்திப் பழகுறாள்.