பயமே இல்லாத ஒரு யுத்தக் கதை

என் உயிரான அக்காவுக்கு,

எல்லோரும் சௌகரியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்குச் சில நாட்களாகச் சோறு இறங்கவில்லை. வடக்கே எல்லையில் சண்டை மூண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கே திரும்பினாலும் ரேடியோச் செய்திதான். நர்ஸ் படிப்பை முடித்த உன் மகள் கஸ்தூரி, பட்டாளத்து ஆஸ்பத்திரியில்தான் சேருவேன் என்று நிற்கிறாள். "பத்திரமா பாத்துக்கோ" என்று நீ சாகும்போது என் கையில் பிடித்துக் கொடுத்த பெண். அத்தானைக் கேட்டால், "வளத்தது நீ. நீ சொல்றதுதான் முடிவு" என்று என் தலையில் கட்டிவிட்டுப் பொன்மலைக்கு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் என்ன செய்வேன், சொல்லு?

வாயால் சொன்னால் கேட்கிற பெண்ணா அவள்? உன் மகளாயிற்றே. அதனால் ஒரு புத்தகம் வாங்கினேன். இளைஞர்களுக்கென்று எழுதிய நாவலாம். போன யுத்தத்தில் ஜப்பான்காரன் நிஜமாகவே திருச்சியில் குண்டு போட்டு ஊரைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை. படித்தால் குலை நடுங்கி ஆசையை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் நானே படித்தேன். அக்கா, அப்படி ஓர் ஏமாற்றம்! விமானம் வருகிறது என்றதும் கதாநாயகி மலைக்கோட்டை உச்சிக்கு ஓடி ஒளிகிறாள். குண்டு போடுகிறவன் கண்ணில் முதலில் படுவதே அதுதானே? அவளுடைய காதலன் சித்திரை மாதத்தில் காவிரியை நீந்திக் கடக்கிறான். மணலில் நடந்தே போயிருக்கலாம், பாவம்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அத்தனை பக்கத்திலும் ஒருத்தருக்கும் பயமே இல்லை. ரத்தம் வழிய வழியப் பாட்டுப் பாடுகிறார்கள். யாருக்கும் தொண்டை உலரவில்லை. யாருடைய அம்மாவும் வாசலில் நின்று அழவில்லை. இதைப் படித்தால் தயங்குகிற பெண்ணும் அல்லவா ரயில் ஏறிவிடுவாள்? துணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

கண்டுபிடித்துவிட்டாள். ஒரே மத்தியானத்தில் படித்து மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சுத்தப் பொய் சித்தி இது. எங்க வார்டுல கால் ஒடிஞ்சு வர்றவங்க போடுற சத்தம்கூட இதுல இல்ல. நீங்களும் அம்மாவும் அப்ப பொன்மலையிலதானே இருந்தீங்க? நிஜமா எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

நடந்ததைச் சொல்லியே பயமுறுத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ரயில்வே குவார்ட்டர்ஸில் சைரன் ஊதிய அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன். அது வெறும் ஒத்திகை என்று நமக்கு யார் சொன்னார்கள்? எல்லோரும் பதுங்கு குழிக்குள் விழுந்தோம். நீ என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. உனக்குப் பல் கிட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு நிறைமாதக் கர்ப்பிணி வரவில்லை என்று அப்போதுதான் யாரோ கத்தினார்கள். நீ எழுந்தாய். "போகாதேக்கா!" என்று உன் புடவையைப் பிடித்து இழுத்தேன். நீ அழுதுகொண்டே போனாய். அவளைத் தாங்கிக் கூட்டிவந்து குழிக்குள் இறக்கிவிட்டு வாந்தி எடுத்தாய்.

"அம்மா அவ்வளவு பயந்தாங்களா?"

"காலே நிக்கலடி அவளுக்கு."

"இருந்தும் போனாங்கல்ல?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு சித்தி. யார்கிட்டயும் சொல்லல. பயம் இருக்கிறவங்க போகக்கூடாதோன்னு நினைச்சேன். இப்ப அம்மா மாதிரி பயந்துகிட்டே போயிட்டு வரேன்."

அந்தப் பொய்க் கதையால் ஆகாததை நான் சொன்ன உண்மை செய்துவிட்டது. உன்னைக் காட்டிப் பயமுறுத்தப் போய், உன்னையே அவளுக்கு வழித்துணையாக்கிவிட்டேன். இது சரியா, தப்பா? நீயாவது சொல்லேன்.

"சரி, போ" என்று சொல்லிவிட்டேன் அக்கா. ஜங்ஷனில் ரயில் கிளம்பும்வரை அழமாட்டேன், இது சத்தியம். அதற்கப்புறம், அவள் திரும்பி வரும்வரை உனக்கும் சேர்த்து நானே பயப்படுகிறேன். நீ அவள் பக்கத்திலேயே இரு.

உன் மகளுக்கு அம்மாவாக இருக்கப் பார்க்கிற
உன் தங்கை,
தனம்