லில்லி வீட்டு ஜன்னல்

என் அன்பான அன்னபாக்கியம் அக்கா,

நீ கர்த்தரிடம் போன பிறகு, பிடியரிசி வாங்கப் போகிறது யார் என்று பெண்கள் சங்கத்தில் பேச்சு வந்தது. உலை வைக்கும் முன்னே ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்துப் போடுகிற வழக்கம் இப்போது பாதி வீட்டில் இல்லை, போனில் பணம் போட்டுவிடலாமே என்றார்கள். சனிக்கிழமை வாசல் வாசலாகப் போய் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கண் ஆபரேஷன் என்று உங்கள் போன் விசாரிக்குமா என்று நான் கேட்டேன். போதகர் வீட்டு ஐயரம்மா உடனே, "அப்ப நீங்களே போங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

போக எனக்குச் சடைவு இல்லை. ஒரே ஒரு வீட்டை நினைத்துத்தான் யோசனை. தறிக்கார லில்லி வீடு.

உனக்கு மறந்திருக்கும், நீ அப்படித்தான். எனக்கு மறக்கவில்லை. நாம் முதல் தடவை அவள் வாசலில் நின்றபோது, உள்ளே இருந்தவர்களிடம் நம் காதில் விழும்படியே சொன்னாள்: "சங்கத்துப் பேரச் சொல்லிட்டு சோத்துக்கு அரிசி கேட்டு வாராளுவோ." பாசிப்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன். அடுத்த சனிக்கிழமை என் கையைப் பிடித்து அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாய். கதவு திறக்கவில்லை. சாத்தின கதவைப் பார்த்து நீ ஜெபம் பண்ணினாய். இவளுக்கு எதற்கு என்று கேட்டேன். "நிப்போம்டி, காலா வலிக்கு ஒனக்கு?" என்றாய். அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! வெயிலிலும் நின்றோம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டு வந்தும் நின்றோம். அவள் திறக்கவுமில்லை, நீ விடவுமில்லை. நான் பக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பேன்.

நீ போன பின் முதல் வாரம் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். மனசு ஒப்பவில்லை. மறுவாரம் நின்றேன். பிரியத்தில் இல்லை அக்கா. அன்னபாக்கியம் செத்தாள், தொல்லை விட்டது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அந்த வீம்பில்தான் நின்றேன். வீம்பில் நின்றாலும் கர்த்தர் அதை ஏற்றுக்கொள்வாரா? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

உள்ளே தறிச் சத்தம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். யாரிடமோ தறியை நிறுத்தச் சொல்லி லில்லி குரல் கேட்டது. ஜன்னல் திறந்தது.

"ஞானம்மா, அவ ஜெபம் பண்ணிட்டுல்லா போவா. நீ பாட்டுக்குப் போற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ ஜெபம் பண்ணினபோதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு நாளாவது உன்னிடம் சொன்னாளா? நீ அது தெரியாமலேயே போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அன்னபாக்கியம் அக்கா போலப் பண்ண வராது என்றேன்.

"வந்த மாதிரி பண்ணு. ரெண்டு முட்டும் போச்சு, கோயிலுக்கு வர முடியல."

"கதவத் தொறந்தா என்ன?"

"தொறந்தா நீ உள்ள வந்து உக்காந்துருவ."

பார்த்தாயா அக்கா? கால் போயும் வாய் போகவில்லை. அப்படியே நடையைக் கட்டியிருப்பேன். ஆனால் உன் ஜெபம் முழுவதும் என் தலையில் இருக்கிறதே, அதற்கு நான் என்ன செய்ய? ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். இந்த வீட்டு அடுப்பையும் தறியையும் ஆசீர்வதியும் என்கிற இடம்வரை சரளமாக வந்தது. அடுத்து நீ அவள் பேரைச் சொல்லுவாய். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஜன்னலுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். முடி பூராவும் நரைத்துவிட்டது அவளுக்கு. "லில்லி" என்றேன். கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் வந்தது. ஆமென் அவளே சொல்லிக்கொண்டாள்.

அரிசி அன்றைக்கும் தரவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே, இன்னும் இல்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை போவேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். அவள் பேரைச் சொல்லி ஜெபிக்காமல் திரும்பமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. முகத்தையும் சிரித்தாற்போல வைத்துக்கொள் என்று மட்டும் இப்போதே சொல்லாதே.

உன்னோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
ஞானம்மாள்,
சங்கரன்கோவில்